டார்ச் லைட்டும் அதற்கான பேட்டரியும்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் ஸ்டார்ட்டருக்கு ரிலே வாங்க வருபவரும் சரி, கோயில் திருவிழாவுக்கு சீரியல் பல்பு வாங்க வருபவரும் சரி, கிளம்பும் நேரத்தில் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, விலை கம்மியா நல்ல லைட்டா ஒண்ணு குடேன்." லைட்டை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். அதற்குள் போடுகிற பேட்டரியைப் பற்றித்தான் ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. பேசிப் பேசி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

செல்போனிலேயே லைட் இருக்கிறதே, தனியாக டார்ச் எதற்கு?

வீட்டுக்குள் சாவி தேட அது போதும். வயலுக்குப் போதாது. போன் வெளிச்சம் நாலு எட்டு தூரம் பரவி அதோடு முடிந்துவிடும். ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவருக்கு, கால் வைக்கிற இடமும் தெரிய வேண்டும், வரப்பின் அடுத்த முனையும் தெரிய வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் இரை தேடுகிற பாம்பு. அது கிடக்கிற வரப்பில் பாதி வெளிச்சத்தோடு நடக்கக் கூடாது. அதோடு, ஏதாவது ஆகிவிட்டால் 108-ஐக் கூப்பிட போனில் சார்ஜ் வேண்டாமா? அதை லைட்டுக்குச் செலவழித்துவிட்டு நடுவயலில் நிற்க முடியாது.

அப்பா காலத்து மூணு கட்டை லைட் இருக்கிறது. அதில் எல்இடி பல்பு மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் வோல்ட் பார்த்து வாங்குங்கள். கட்டை பேட்டரி ஒன்றுக்கு 1.5 வோல்ட், மூன்றுக்கு 4.5. வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். மூணு கட்டையில் சிக்கல் இல்லை. ரெண்டு கட்டை லைட்டில் பேட்டரி கொஞ்சம் இறங்கியதுமே வோல்ட் பற்றாமல் போய்விடும். வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற சின்ன சர்க்யூட் உள்ளே இருக்கிற பல்பாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் எதிர்பார்க்காதீர்கள். பழைய லைட்டின் கிண்ணம், இழை பல்பு நாலா பக்கமும் சிந்துகிற வெளிச்சத்தைத் திரட்டி முன்னால் அனுப்பச் செய்தது. எல்இடி முன்பக்கம் மட்டுமே அடிக்கும். அதனால் பளிச்சென்று பரவும், ஆனால் பழையபடி தென்னை உச்சி வரை குத்திக்கொண்டு போகாது. குண்டு பல்பில் பத்துப் பதினைந்து லூமன் வந்தாலே பெரிது. அதை வைத்துக்கொண்டு அப்பா எப்படித்தான் திருடனைத் துரத்தினாரோ தெரியவில்லை.

அந்த லூமன் என்றால் என்ன? பெட்டியில் ஒரு லட்சம் லூமன் என்று போட்டிருக்கிறதே?

லைட்டிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு லூமன். ஒரு லட்சம் என்பது பச்சைப் பொய். கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

நல்ல எல்இடி ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் கொடுக்கும். அப்படியானால் ஒரு லட்சம் லூமனுக்கு 1,000 வாட் வேண்டும். அது இஸ்திரிப் பெட்டி இழுக்கிற மின்சாரம். கைக்குள் அடங்குகிற லைட் அதை இழுத்தால் கை வெந்துவிடும்.

அடுத்த கணக்கு இதைவிடப் பயன்படும். சார்ஜ் ஏற்றுகிற நல்ல லித்தியம் செல் ஒன்றில் ஏறக்குறைய 11 வாட்-மணி (11 வாட்டை ஒரு மணி நேரம் தருகிற அளவு) மின்சாரம் இருக்கிறது. அதாவது கொஞ்சம் சேதாரம் போக, சுமார் 1,000 லூமனை ஒரு மணி நேரம் கொடுக்கிற அளவு. இந்த ஆயிரத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளலாம். 100 லூமனில் எரித்தால் பத்து மணி நேரம், 500-ல் எரித்தால் இரண்டு மணி நேரம். ஒரு லட்சத்தில் எரித்தால்? 36 வினாடி. பெட்டிக்காரர் அதே பெட்டியில் "8 மணி நேரம்" என்றும் அச்சடித்திருப்பார்.

பெட்டியில் போட்டிருக்கிற தூரத்தை நம்பலாமா?

எஃப்எல்1 என்று ஒரு அளவீட்டு முறை இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் வந்தது. நல்ல கம்பெனிகள் அதன்படிதான் அச்சடிக்கின்றன. அதில் "200 மீட்டர்" என்றால், 200 மீட்டர் தள்ளி விழுகிற வெளிச்சம் பௌர்ணமி நிலவொளி அளவுக்கு இருக்கும் என்று அர்த்தம். நிலா வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அதனால் போட்டிருக்கிற தூரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி தூரத்தில் வெளிச்சம் நாலு மடங்கு.

எரியும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதே முறைப்படி, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை நேரத்தைக் கணக்கில் சேர்க்கலாம். "10 மணி நேரம்" என்று போட்டிருந்தால், அதில் கடைசிப் பல மணி நேரம் மினுக்கென்று எரிந்ததாகக்கூட இருக்கலாம். சின்ன லைட்டில் 1,000 லூமன் என்று இருந்தால், சூடு ஏறியதும் சில நிமிஷத்தில் தானாகவே குறைத்துக்கொள்ளும். அது பழுது இல்லை. குறைக்காத லைட்டைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

எனக்கு எத்தனை லூமன் தேவைப்படும்?

தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் அடுக்களைக்குப் போக ஐந்து லூமன் தாராளம். தெருவில் நடக்க ஐம்பது, வரப்பில் நடக்க 150 முதல் 200. தென்னந்தோப்பில் காய் திருடுகிறவனைப் பார்க்கவோ, காணாமல் போன மாட்டைத் தேடவோ 500-க்கு மேல். இதையெல்லாம் ஒரே லைட் செய்ய வேண்டுமென்றால் மூன்று அளவு மாற்றிக்கொள்கிற சுவிட்ச் இருப்பதை வாங்குங்கள். ஒரே அளவில் முழு வெளிச்சமாக மட்டும் எரிகிற லைட் பாதி வழியில் அணைந்துவிடும்.

இழுத்தால் குவிந்து, தள்ளினால் விரிகிற ஜூம் லைட் பார்க்க அழகு. குவிக்கும்போது வெளிச்சத்தில் நல்ல பங்கை உள்ளேயே தின்றுவிடும், அந்த இழுக்கிற இடுக்கு வழியாகத் தண்ணீரும் புகும். நடவு வயலுக்கு அதை நான் கொடுப்பதில்லை. கையில் வேலை இருக்கிறவர்களுக்குத் தலையில் கட்டுகிற லைட்தான் சரி. கன்னியாகுமரிப் பக்கம் விடிவதற்கு முன்னே ரப்பர் வெட்டப் போகிறவர்கள் அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

வெள்ளை வெளிச்சம் நல்லதா, மஞ்சள் கலந்தது நல்லதா?

நீலம் அடிக்கிற வெள்ளைதான் கடைத்தெருவில் அதிகம். ஏறக்குறைய எல்லா வெள்ளை எல்இடியும் உள்ளுக்குள் நீல விளக்குதான். மேலே பூசிய மஞ்சள் பொடி அதை வெள்ளையாக மாற்றிக் காட்டுகிறது. (அந்த நீல எல்இடியை உருவாக்கிய, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) பூச்சு மெல்லியதாக இருந்தால் நீலம் தூக்கலாகத் தெரியும், நிறங்கள் செத்துப் போகும். நெல் இலையில் பழுப்பா பச்சையா என்று பார்க்க, பாம்பின் உடம்புக் கோட்டைப் பார்க்க, ஒயரில் சிவப்பா பழுப்பா என்று பிரிக்க இளமஞ்சள் கலந்த வெளிச்சம் நல்லது. மழை விட்ட இரவில் ஈசலும் அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

எந்த பேட்டரி போடுகிற லைட்டாக வாங்கட்டும்?

பயன்படுத்துகிற ஆளைப் பொறுத்தது. மாதத்துக்கு நாலு தடவை மட்டும், கரண்ட் போனால் எடுப்பேன் என்கிறவருக்குக் கடிகாரத்துக்குப் போடுகிற டபுள் ஏ பேட்டரி இரண்டு போடும் லைட் போதும். ஊர்ப் பெட்டிக்கடையில்கூட கிடைக்கும், வெடிக்காது, சார்ஜர் வேண்டாம். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு டபுள் ஏ வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனிலூப் வகை, சும்மா வைத்திருந்தாலும் மெதுவாகத்தான் இறங்கும். ஒன்றுக்கு 1.2 வோல்ட், சுமார் 2,000 எம்.ஏ.ஹெச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு). இரண்டில் 50 லூமன் ஒன்பது மணி நேரம் எரிக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் இதை வாங்கிவிடுங்கள்.

தினமும் ராத்திரி வயல், தோப்பு, இறால் குட்டை என்று போகிறவருக்கு லித்தியம் செல் போட்ட லைட்தான் கட்டுபடியாகும். ஆனால் அடுத்த இரண்டு கேள்விகளையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

18650 என்று செல்லின் மேல் போட்டிருக்கிறதே, அது என்ன?

அளவு. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம் என்பதற்கு. 21700 என்றால் 21 தடிமன், 70 நீளம். இவை முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், சாதாரணமாக 3.6 அல்லது 3.7, மூன்று வோல்ட்டுக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி.

14500 என்று ஒன்று இருக்கிறது. பார்க்க அச்சு அசல் டபுள் ஏ. ஆனால் 3.7 வோல்ட். பையன் தெரியாமல் அதைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிட்டான் என்று ஒருவர் கருகின கடிகாரத்தோடு கடைக்கு வந்தார். வீட்டில் அதை வைத்திருந்தால் மேலே மார்க்கரால் பெரிதாக "லைட்டுக்கு மட்டும்" என்று எழுதுங்கள்.

9,900 எம்.ஏ.ஹெச் செல் எண்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீங்கள் 3,000 எம்.ஏ.ஹெச் செல்லுக்கு முந்நூறு கேட்கிறீர்களே?

இந்தக் கேள்வியை ஒரு பெரியவர் கோபமாகவே கேட்டார். அவர் சந்தையில் வாங்கிய செல்லைக் கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டார் என்று பக்கத்து நகைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆசாரி தங்கம் நிறுக்கிற தராசில் என் செல்லை வைத்தார்: 46 கிராம். பெரியவருடையதை வைத்தார்: 27 கிராம். "பாதி செம்பு கூட இல்லையே இதுல" என்று ஆசாரி சிரித்தார். மறுநாள் அதை அளவிடுகிற சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்ததில் வந்தது 1,100 சொச்சம்.

விஷயம் இதுதான். அந்த அளவுக் கூட்டுக்குள் அடைக்க முடிந்த சரக்குக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கடையில் கிடைக்கிற நேர்மையான 18650 செல்லில் 3,500, 3,600-ஐத் தாண்டுவது அபூர்வம். எடை 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். 21700 என்றால் 70 கிராம் அளவில், 4,000 முதல் 5,000 எம்.ஏ.ஹெச். எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எடையை அச்சடிக்க முடியாது. போலிச் செல்லுக்குள் சின்னச் செல் ஒன்றை வைத்து மீதி இடத்தில் ஏதோ பொடியை அடைத்ததும் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று கத்தியை எடுக்காதீர்கள், உள்ளே இருப்பது தீப்பற்றுகிற திரவம்.

எடை சரியாக இருந்தால் மட்டும் நல்ல செல் என்று ஆகிவிடாது. கழித்துப் போட்ட பழைய செல்லுக்குப் புதுச் சட்டை (மேலே சுற்றுகிற பிளாஸ்டிக் உறை) மாட்டியும் விற்கிறார்கள். அதனால் இந்திய தரநிர்ணய அமைவனத்தின் முத்திரை, ஐஎஸ் 16046 என்ற எண், ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று வரும். வருகிற பெயரும் செல்லின் மேல் இருக்கிற பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல் என்கிறார்கள். கட்டாயமா?

செல்லின் அடியில் காசு அளவுக்கு ஒரு சின்ன போர்டு. அளவுக்கு மீறி ஏறினாலும், அடியோடு இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன். போர்டு இருப்பதால் நீளம் மூன்று நாலு மில்லிமீட்டர் கூடும், உங்கள் லைட்டுக்குள் நுழைகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். தலைப்பக்கம் மொட்டு இருப்பது, தட்டையாக இருப்பது என்று இரண்டு வகை. சில லைட்டில் தட்டை போட்டால் தொடாது.

லைட்டில் நேரே டைப் சி வயர் சொருகுகிற மாதிரி இருக்கிறது. ராத்திரி முழுக்கப் போட்டுவிடலாமா?

வேண்டாம். நல்ல லைட்டில் 4.2 வோல்ட் வந்ததும் நிறுத்துகிற சிப் இருக்கும், சிவப்பு விளக்கு பச்சையாகவோ நீலமாகவோ மாறும். மலிவு லைட்டுகளில் சிலவற்றில் அந்தச் சிப்பே இருக்காது. நேராக 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும், வீட்டுக்கு ஒன்று இருக்க வேண்டிய சாமான் அது. முழுக்க ஏற்றிய பிறகு செல்லைக் கழற்றி அளந்து பாருங்கள். 4.2 இருந்தால் சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்த லைட்டில் சார்ஜ் ஏற்றுவதை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சார்ஜ் ஏற்றுகிற இடமும் முக்கியம். மெத்தை, சோபா, துணிக் குவியல் மேல் வேண்டாம். வாசலுக்குப் போகிற வழியிலும் வேண்டாம். சிமென்ட் தரையோ கடப்பைக்கல் மேடையோ நல்லது, ஆள் விழித்திருக்கிற நேரமாகவும் இருக்கட்டும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தார்கள். ஸ்கூட்டர் பேட்டரிக்கு முன் டார்ச் செல் கடுகு அளவுதான். ஆனால் கொசுவலைக்குப் பக்கத்தில் அந்தக் கடுகு போதும்.

போன் சார்ஜரின் வயரை மாட்டினால் ஏறவே இல்லை. லைட் போச்சா?

அநேகமாக இல்லை. இரண்டு முனையும் டைப் சி இருக்கிற வயர், எதிர்ப்பக்கம் என்ன பொருள் என்று அடையாளம் தெரிந்தால்தான் மின்சாரம் விடும். அந்த அடையாளத்துக்கு லைட்டில் இரண்டு சின்ன ரெசிஸ்டர் வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய பட்டை யு.எஸ்.பி.யாக இருக்கிற வயரை எடுத்து மாட்டுங்கள், ஏறும். இதற்காக மட்டும் என்னிடம் லைட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல்.

பின்னை வெளியே இழுத்து நேரே பிளக்கில் சொருகுகிற சார்ஜ் லைட் பற்றி?

மலிவு, எல்லா வீட்டிலும் இருக்கிறது, எனக்குப் பிடிக்காது. பெரும்பாலானவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட் நேராக உள்ளே போகிறது. அதாவது பிளக்கில் இருக்கும்போது உள்ளே இருக்கிற எல்லா உலோகமும் கரண்டு ஓடுகிற உலோகம். உடைந்த லைட்டையோ, ஈரக் கையோடோ, பிளக்கில் இருக்கும்போது எரிய வைக்கவோ தொடாதீர்கள். திறந்து பார்க்கவே கூடாது.

உள்ளே பெரும்பாலும் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. அதைக் காலியாக விட்டு வைத்தால் செத்துவிடும். "ஆறு மாசம் பரண்ல கிடந்துச்சு, இப்ப ஏறலை" என்று வருகிற லைட் எல்லாம் இந்த வகை. வைத்திருந்தால் மாதம் ஒருமுறை ஏற்றி வையுங்கள்.

பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் 18650 செல் கிடைக்குமாமே?

கிடைக்கும், பலவற்றில் ஆறு செல். யூடியூபில் பையன்கள் காட்டுகிறார்கள். அந்தச் செல் எத்தனை தடவை ஏறி இறங்கியது, எவ்வளவு சூடு பார்த்தது என்று எவருக்கும் தெரியாது. இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை எழுப்ப முயன்றால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். மீட்டரும் அனுபவமும் இருக்கிறவர் பட்டறையில் செய்யட்டும். வீட்டில் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கிற லைட்டுக்கு அது வேண்டாம்.

பாதி தீர்ந்த பேட்டரியோடு புதுசையும் சேர்த்துப் போடலாமா?

கூடாது. வரிசையாகப் போடும்போது பலவீனமானது முதலில் காலியாகும், மற்றவை அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளி அதன் முனைகளைத் தலைகீழாக்கிவிடும். சாதா பேட்டரி என்றால் கசியும். லித்தியம் என்றால் வெடிக்கவும் செய்யலாம். மலிவு விலையில் வாங்குகிறவருக்கு ஒற்றைச் செல் லைட் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

உதிரிச் செல்லைப் பையில் வைத்துக்கொண்டு போகலாமா?

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உதிரிச் செல்லை வேட்டி மடியில் சில்லறையோடு சேர்த்து முடிந்துகொண்டு சைக்கிளில் வந்தார். செல்லின் சட்டை தலைப்பக்கம் லேசாகக் கிழிந்திருந்தது. 18650-யில் மேல் மொட்டு மட்டும்தான் பாசிட்டிவ். அதைச் சுற்றியிருக்கிற தோள், உடம்பு, அடி எல்லாம் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, மேலே மெல்லிய பிளாஸ்டிக். ஐந்து ரூபாய்க் காசு அதில் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. இடுப்பில் காசு வடிவத்திலேயே கொப்புளம். சட்டென்று மடியை அவிழ்த்து உதறியதால் தப்பித்தார்.

செல்லுக்கென்று பிளாஸ்டிக் டப்பா பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. சட்டை கிழிந்தால் புதுச் சட்டை மாட்டித் தரச் சொல்லுங்கள், வேலை ஒரு நிமிஷம். நசுங்கின, உப்பின, இனிப்பு வாசம் அடிக்கிற செல்லுக்குச் சட்டை மாற்றக் கூடாது, அதைக் கழித்துவிட வேண்டும்.

லைட்டுக்குள் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

அல்கலைன் பேட்டரி என்றால் அது காரம். பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காய வையுங்கள். சாதா சிவப்பு, நீல பேட்டரி என்றால் கசிவு புளிப்புத் தன்மை உள்ளது, சமையல் சோடாத் தண்ணீர் போதும். ஸ்பிரிங்கைக் கடைசியில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பரணில் வைக்கிற லைட்டில் பேட்டரியைக் கழற்றி, அதே கவரில் தனியாக வைத்தால் இந்த வேலையே வராது.

புயல் காலத்துக்கு எதை எடுத்து வைக்கலாம்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா எங்கள் பக்கம் கரையேறியது. என் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. கடையில் இருந்த கட்டை பேட்டரி எல்லாம் முதல் நாள் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. சார்ஜ் லைட் வைத்திருந்தவர்கள் இரண்டாவது ராத்திரியே இருட்டில் உட்கார்ந்தார்கள். எரிந்துகொண்டே இருந்தவை ரெண்டு பேட்டரி போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எரிக்க முடிந்த சின்ன லைட்டுகள்தான்.

அதனால் ஐப்பசி பிறப்பதற்கு முன் எடுத்து வைக்கச் சொல்வது: டபுள் ஏ லைட் ஒன்று, கவர் பிரிக்காத அல்கலைன் பேட்டரி எட்டு (ரேடியோவுக்கும் அதே அளவு உதவும்), ஒரு பவர் பேங்க். லைட்டை மேலே பார்த்து நிறுத்தி எரிய விட்டால் ஐந்து லூமனிலேயே அறை முழுக்க மங்கலாக வெளிச்சம் பரவும். மெழுகுவர்த்தியைவிட அது நல்லது, ஓலை வீட்டில் ரொம்பவே நல்லது.

மழையில் நனையலாமா?

ஐ.பி.எக்ஸ். 4 என்று இருந்தால் சாரல் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடக்கலாம். மூடியில் இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் இரண்டும் பொய். சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி போய்விட்ட லைட்டை வாய்க்காலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன லைட் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தை விழுங்கிவிட்டால் தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். திருகாணி போட்டு மூடாத லைட் எதையும் கொடுக்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

லித்தியம் செல் புகைய ஆரம்பித்தால்?

லைட்டைத் தூக்கி வாசலுக்கு எறிய முடிந்தால், அதுவும் இன்னும் புகை கிளம்பாமல் சூடு மட்டும் ஏறுகிறது என்றால், எறியுங்கள். புகை வந்துவிட்டால் கையை நீட்டாதீர்கள். ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், அந்தப் புகை விஷம். தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் சூடு தணியும். பரவினால் 101.

தீர்ந்த பேட்டரியை என்ன செய்வது?

கிணற்றிலும் அடுப்பிலும் போடாமல் இருந்தாலே பாதிப் புண்ணியம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும், தயாரிப்பவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வேண்டும். முனை இரண்டிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கிறவரிடம் கொடுங்கள். எங்கள் கடையில் ஒரு பெயின்ட் வாளி வைத்திருக்கிறேன், அதில் போட்டாலும் சரி.

சரி, ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

லைட்டுக்கு இருநூறு, பேட்டரிக்கு முந்நூறு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒற்றை 18650 போடுகிற, மூன்று அளவு வெளிச்சம் உள்ள அலுமினிய லைட் ஒன்று, பதிவு எண் சரியாக உள்ள 2,600 அல்லது 3,000 எம்.ஏ.ஹெச் செல் ஒன்று. லைட்டோடு இலவசமாக வருகிற செல்லைக் கடையிலேயே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 40 கிராமுக்குக் கீழே இருந்தால் அதை வாளியில் போட்டுவிட்டு வாருங்கள். முந்நூறுதான் இருக்கிறது என்றால் டபுள் ஏ லைட்டுக்குப் போய்விடுங்கள், லித்தியம் பக்கமே வராதீர்கள்.

அடுத்த வாரம் திருச்சியிலிருந்து துபாய் போகிறேன். இந்த லைட்டைக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். ஒரு செல் விமானத்துக்கான 100 வாட்-மணி வரம்புக்கு வெகு கீழே, 11 அல்லது 12தான் இருக்கும். ஆனால் உதிரிச் செல் எதையும் லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனையில் டேப் ஒட்டியோ டப்பாவில் போட்டோ. லைட்டுக்குள் இருக்கிற செல்லையும் கழற்றி அதே டப்பாவில் வைத்துவிட்டால், பைக்குள் தானாக எரிந்து துணியைச் சுடாது.